நகைச்சுவைத் தொகுப்பாளர்: ஒரு வகைமைக் குறிப்பு

தமிழ்நாட்டின் அண்மைக்காலச் சமூக வகைமைகளுள் நகைச்சுவைத் தொகுப்பாளர் என்பவர், பண்பலை வானொலியில் பிறந்து, தொலைக்காட்சியில் வளர்ந்து, திரைப்படத்தில் முக்தியடைய விரும்பும் ஓர் இளைஞர் ஆவார். வானொலியில் ஆர்.ஜே. என்றும் தொலைக்காட்சியில் ஆங்கர் என்றும் அழைக்கப்பட்டாலும், இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே நேயர் வேறு அலைவரிசைக்குத் தாவிவிடாமல் காவல் காப்பதே இரு இடங்களிலும் அவருக்கு விதிக்கப்பட்ட பணி.

இவருக்கு முன்னோர் இல்லாமல் இல்லை. அகில இந்திய வானொலியின் ‘இன்று ஒரு தகவல்’ நிகழ்ச்சியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன், அவசரமே அறியாத குரலில் ஒரு சிறு கதையைச் சொல்லி, தாம் சிரிக்காமலேயே காலை நேரத்தில் ஊரைச் சிரிக்க வைத்தார். அவருடைய பண்பலை வாரிசோ, நகைச்சுவை எந்த இடத்தில் இருந்தது என்று நேயர்கள் தேடித் துன்புறக் கூடாதே என்ற பரிவினால், தாமே முதலில் சிரித்து இடத்தைக் காட்டிவிடுகிறார்.

இந்த வகைமை தோன்றியதற்குத் திறமையைவிடச் சட்டமே பெரிய காரணம் எனலாம். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோவை, திருநெல்வேலி, சென்னை ஆகிய நகரங்களில் தனியார் பண்பலை நிலையங்கள் தொடங்கப்பட்டபோது, அவை செய்தி ஒலிபரப்பக் கூடாது என்று அரசு விதித்தது. செய்தியை நீக்கினால் மிஞ்சுபவை பாட்டும் பேச்சும் மட்டுமே என்பதால், பேச்சைச் சிரிப்பாக்கத் தெரிந்தவருக்கு வேலை கிடைத்தது. 2011-ஆம் ஆண்டுக் கொள்கை சற்றே இளகி, அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை அப்படியே மறு ஒலிபரப்பவும், வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகளைத் தரவும் இசைந்தது. எனவே, நாளை தண்ணீர் வராது என்று தொகுப்பாளர் அறிவிக்கலாம். ஏன் வராது என்று விளக்கத் தொடங்கினால் அது செய்தியாகிவிடக்கூடும் என்பதால், அந்த இடத்தில் ஒரு வடிவேலு வசனத்தைப் போட்டுவிட்டு அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலான பேச்சுத் துண்டுக்கு இத்துறையில் ‘லிங்க்’ என்று பெயர். ஒலியே இல்லாமல் கழியும் நொடிகளுக்கு ‘டெட் ஏர்’ என்று பெயர். பின்னதன் மீதுள்ள அச்சமே முன்னதைப் பெருக்குகிறது. நல்லவேளையாக, நேயர் தொலைபேசியில் வந்து தொகுப்பாளரைக் காப்பாற்றுகிறார். “ரொம்ப நாளா ட்ரை பண்றேங்க, இன்னிக்குத்தான் லைன் கெடைச்சுது” என்று நேயர் நெகிழ, “அப்படியாக்கா! இன்னிக்கு என்ன சமையல்?” என்று இவர் வினவ, சாம்பார் என்னும் விடைக்கு ஒரு முழு நிமிடம் சிரிக்கும் ஆற்றலே தொழில்திறன் எனப்படுகிறது. தொலைக்காட்சி நேரலையாயின் “மொதல்ல டிவி வால்யூமைக் கொறைங்கக்கா” என்னும் மங்கல வாழ்த்து இதற்கு முன் வரும்.

புகழ் வந்ததும் பெயர் மாறுகிறது. தமிழர் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்ளும் வழக்கத்தை மீறி, இவர் நிலையத்தின் பெயரையோ பதவியின் பெயரையோ முன்னே சூட்டிக்கொள்கிறார். மிர்ச்சி சிவா, மிர்ச்சி செந்தில், ஆர்.ஜே. பாலாஜி ஆகியோர் வேலையை விட்டுத் திரைக்குச் சென்ற பின்னும் அந்த முன்னொட்டு அவர்களை விடவில்லை. சின்னத்திரை வழியாகவும் பாதை உண்டு: விஜய் தொலைக்காட்சியின் ‘கலக்கப்போவது யாரு’ போட்டியில் வென்ற சிவகார்த்திகேயன், ‘அது இது எது’ நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கி, 2012-இல் ‘மெரினா’ படத்தின் நாயகரானார். இந்த ஒரு வரலாறு, மாவட்டத் தலைநகரங்களின் கேபிள் தொலைக்காட்சிகளில் ‘உங்கள் விருப்பம்’ நடத்தும் எண்ணற்ற இளைஞர்களைக் கண்ணாடி முன் நிறுத்தியிருக்கிறது.

அவர்களுள் பெரும்பாலோர் சென்னைப் பேருந்தில் ஏறுவதேயில்லை. நகைக்கடைத் திறப்பு விழாவிலும், ஆடித் தள்ளுபடி மேடையிலும், கல்லூரி ஆண்டு விழாவிலும், பட்டிமன்றப் பேச்சாளர் வந்துசேரும் வரையிலும் கூட்டத்தைக் கலையாமல் காத்து, அதற்குரிய சன்மானத்தைப் பெறுவதோடு அவர்கள் வாழ்க்கை அமைந்துவிடுகிறது. இதனைத் தோல்வி என்று கணக்கிடுபவர், குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் தொடர்ந்து அழைத்து மணியோசை மட்டுமே கேட்டுப் பழகிய குடிமக்களை மறந்தவராவார். அந்த ஊரில் தொலைபேசியை எடுத்து, அழைத்தவரின் பெயரைக் கேட்டு, “சாப்பிட்டீங்களா?” என்றும் விசாரிக்கும் அலுவலர் இந்தத் தொகுப்பாளர் ஒருவரே. அதற்கு ஈடாக இவர் கேட்பதோ நிலையத்தின் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லும்படி மட்டுமே.