ஸ்டீயரிங் கழற்றலும் மாட்டலும்: ஐயம்பேட்டைக் கோட்பாடு

பழைய காரின் ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டுவது புஜபலம் சார்ந்த வேலை என்றொரு கருத்து நம் பட்டறைகளில் வெகுநாளாக வேரூன்றிக் கிடக்கிறது. பெரிய ஸ்பேனர், அதைவிடப் பெரிய சுத்தியல், இரண்டையும் மிஞ்சும் குரல் ஆகிய மூன்றும் போதும் என்பார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. கழற்றுவதற்குக் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கலாம்; மாட்டுவதற்கு வேண்டியது தறிக்காரர் கண். ஆகவே, காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் பட்டுத்தறி ஓடும் ஐயம்பேட்டையின் பெயரை இக்கோட்பாட்டுக்குச் சூட்டுகிறேன் (தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயம்பேட்டையார் பொறுத்துக்கொள்க). ஊர்ப்பெயரில் இருக்கும் ஐயத்துக்குச் சந்தேகம் என்று பொருள் சொல்ல ஆசைதான். ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஸ்பேனரும் கையுமாக ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்காருகிறவருக்கு முதலில் வேண்டிய கருவி அந்தச் சந்தேகமே.

முதல் சான்று அம்பாசிடர். 1950களின் கடைசியில் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்து 2014 வரை பெரிய மாற்றமின்றி வந்துகொண்டிருந்த வண்டி. நடுவிலுள்ள ஹாரன் பித்தானை எடுத்தால் ஒரு பெரிய நட்டு தெரியும். அந்த நட்டு வெறும் காவலாள்தான். ஸ்டீயரிங்கை ஷாப்டோடு கட்டிப்போட்டிருப்பவை உள்ளே வரிவரியாய் ஓடும் நுண்பற்கள். பல வருஷத்துத் துருவும் கிரீஸும் சேர்ந்து அவற்றை ஒரே உலோகமாக்கியிருக்கும். இங்கே நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் இழுப்பவர், ஸ்டீயரிங் திடீரென விட்டுக்கொடுக்கும் நொடியில் அதை முகத்தில் வாங்கிக்கொள்வார். விவரமறிந்தவர் நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி அப்படியே விட்டுவைத்துப் புல்லர் போடுவார். அதற்கும் முன்னால், முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஷாப்டின் முனையிலும் ஸ்டீயரிங்கின் குடத்திலும் நேருக்கு நேராகப் பஞ்சால் ஒரு புள்ளி குத்துவார். அரை நிமிஷ வேலை. என் வாதம் முழுவதும் அந்தப் புள்ளியின் மேல்தான் நிற்கிறது.

அந்தப் புள்ளியின் அருமை தறியில் விளங்கும். பாவு தீர்ந்ததும் தறிக்காரர் பழைய இழைகளை அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் உருவி எறிவதில்லை. நுனிகளை அப்படியே விட்டு, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதனதன் பழைய இழையோடு விரலில் முறுக்கிப் பிணைக்கிறார். ஆயிரக்கணக்கான இழைகள், ஓரிழை தவறினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். கரையில் வரவேண்டியது உடலில் வரும். ஸ்டீயரிங்கிலும் நடப்பது இதுவே. பேச்சுக்கு 36 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறினால் 10 பாகை சாய்வு. சாலை நேராகப் போகும், வண்டியும் நேராகப் போகும், ஸ்டீயரிங் மட்டும் கோணிக்கொண்டு எதையோ யோசிக்கும். ஆகக் கழற்றுதல் என்பது, மாட்டப்போகும் இடத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் செயல். எழுதாமல் கழற்றியவர் இழையை உருவி எறிந்தவருக்குச் சமம்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் வலுவானது ஒன்றுதான்: கோணினால் என்ன, கீழே டை ராடைத் திருகி நேராக்கிவிடலாமே? நேராகும். ஆனால் அம்பாசிடரில் இருப்பது ரேக் பினியன்; ஒருபுறம் நீட்டி மறுபுறம் குறைத்தால் ரேக் தன் நடுவிடத்தை இழக்கும். பிறகு வண்டி வலப்பக்கம் தாராளமாகத் திரும்பி இடப்பக்கம் கஞ்சத்தனம் காட்டும். கரை கோணியதை மறைக்கப் புடவையையே கோணலாகக் கட்டுவது போன்ற பரிகாரம் இது. ஒரு காலத்தில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு, சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுவது பெரும் பெருமை; இந்தப் பரிகாரம் செய்தால் அந்தப் பெருமை ஒருபக்கத்துக்குத்தான் மிஞ்சும். அந்த வண்டலூரும் 2019இல் செங்கல்பட்டு தனியாகப் பிரியும்வரை காஞ்சிபுரம் மாவட்டம்தான். கோட்பாட்டுக்கு எதிராகச் சொந்த மாவட்டத்து வண்டியையே சாட்சிக்கு அழைக்க முடியாது. சுத்தியல் கட்சிக்குப் பதில் சுருக்கமானது: ஷாப்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கும், பிறகு நட்டு ஏறாது.

ஸ்டீயரிங்கே இல்லாத தேர் வீதிவீதியாகத் திரும்பும் ஊர்ப்பக்கத்தில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கடைசியாக ஒருவர் கேட்கலாம். வைகாசியில் காஞ்சி வரதராஜர் தேர் திரும்பும் முனையில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். சக்கரத்தடியில் கட்டையைக் கொடுக்கிறார்கள், உருவுகிறார்கள், மறுபடி கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முனையிலும் ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டும் வாகனம் உலகில் அது ஒன்றாகத்தான் இருக்கும். தேர்ச் சக்கரத்தைத் தாங்குவதும் அச்சு, தறியில் இழையைப் பிரித்து நிறுத்துவதும் அச்சு என்பதைத் தமிழ் எப்போதோ சொல்லிவிட்டது.

கோட்பாட்டை ஏற்றுக் கழற்ற உட்காருகிறவர்கள் முதலில் பேட்டரி ஒயரை எடுத்துவிடவும். இல்லாவிட்டால் ஹாரன் அலறித் தெருவே கூடிவிடும்; கூடியவர்களில் பாதிப்பேர் சுத்தியல் கட்சி.