ஐந்நூறு ஆண்டு அடுப்பு

கேள்வி: தென்சீனத்தின் குவாங்தொங் மாகாணத்தில் எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள்தானாமே? பழமை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

பதில்: புகைபோக்கிகளை எண்ணிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்! டைல்ஸுக்குப் பேர்போன ஃபோஷானில், ஷிவான் பகுதிக்குப் போங்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிங் அரசர்கள் காலத்தில் கட்டிய நான்ஃபெங் சூளை இன்னும் வேலை செய்கிறது. கொள்ளுப்பாட்டன் மூட்டிய அடுப்பில் எள்ளுப்பேரன் சமைக்கிற மாதிரி! சரிவில் மேல்நோக்கிச் சுமார் 34 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ‘டிராகன்’ சூளை அது. முதுகு நெடுக வரிசை வரிசையாகத் துளைகள். அவற்றின் வழியே விறகு போடுவார்கள். அந்த ஊரின் டைல்ஸ் தொழிலுக்கு இந்த மண்பாண்டக் கலைதான் தாய்வீடு.

ஷிவான் பொம்மைகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பலவற்றில் உடைக்கு மட்டும் பளபளப்பு; முகமும் கையும் வெறும் சுட்ட மண். கிழவரின் நெற்றிச் சுருக்கம்கூட உயிரோடு தெரிவது அதனால்தான். அந்த முகங்களுக்காகவே போகலாம் என்பேன்.

அப்படியே கைபிங்குக்கும் ஒரு நடை. வயல் நடுவே கான்கிரீட் கோபுர வீடுகள்! அமெரிக்கா, கனடா என்று போய் உழைத்தவர்களின் பணத்தில், கொள்ளையருக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி எழுப்பியவை. சுமார் 1,800 இன்னும் நிற்கின்றன. சிலவற்றுக்கு 2007இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதியும் கிடைத்தது.