வாகைத்திரட்டுக் கேள்வியியல்

மாணாக்க, கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டு அமர்க. இன்று நாம் ஆயவிருப்பது, பழைய பாட்டுக்காரர் ஒருவர் பாடி வென்றவற்றையெல்லாம் ஒரே இசைத்தட்டில் அடைத்து விற்க, அதனை ஒருவர் வாங்கி வந்து வீட்டில் ஓடவிட்டுக் கேட்கும் செயல். அவ்வகைத் தட்டுக்கு வாகைத்திரட்டு என்று பெயர் இட்டுள்ளோம். கேள்வி என்றது ஈண்டு வினாவை அன்று, செவிச்செயலை. இத்துறையில் முன்னோர் நூல் செய்திலர். ஆதலின் துறைச்சொற்களை யாமே படைத்தோம். அவற்றை மனனம் செய்க என்று பிறர் கூறுவர். யாம் ‘நெட்டுருச் செய்க’ என்போம்.

பாடுவோன் இலக்கணம். ஒருவர் காதுக்குள் சொல்வதுபோல ஊருக்கே பாடுபவன் இழைகுரலோன். ஒலிவாங்கி வருமுன் இவ்வினம் இல்லை. அரங்கின் கடைவரிசைக்கும் எட்ட வேண்டுமே என்று அந்நாளையோர் தொண்டை கிழியப் பாடினர். 1925-இல் மின்வழி ஒலிப்பதிவு வந்தது. மெல்லச் சொன்னாலும் தட்டு வாங்கிக்கொண்டது. பிங்கு கிராசுபி போன்றோர் எழுந்தனர். 1932-இல் பாசுடன் நகர்ப் பேராயர் இப்பாட்டு முறையை வெளிப்படையாகக் கடிந்துரைத்தார். கேளாமல் கடிதல் இயலாது. ஆகவே அவரையும் கேட்குநர் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.

எடுத்துக்காட்டு நூல். சானி மாத்திசு என்பாரின் தட்டை மேற்கொள்வோம். (ஜானி மாத்திஸ் என்று வடவெழுத்து இட்டு எழுதுவாரும் உளர். எழுதட்டும்.) 1935-இல் தெக்சசில் பிறந்து சான் பிரான்சிசுகோவில் வளர்ந்தவர். பதின்மூன்று அகவையில் பாட்டுப் பயிற்றுநர் ஒருவரிடம் சேர்ந்து, கூலிக்கு ஈடாகச் சில்லறை வேலைகள் செய்து கற்றவர். உயரம் தாண்டுவதிலும் வல்லவர். 1956-இல் ஒலிம்பிக்குத் தேர்வுக்கும் நியூயார்க்கில் ஒலிப்பதிவுக்கும் ஒருசேர அழைப்பு வர, தாண்டுவதை விட்டுப் பாடப் போனார். ஈராண்டு கழித்து, 1958-இல், கொலம்பியா நிறுவனம் அவருடைய ‘தலைசிறந்த வெற்றிகள்’ பன்னிரண்டைத் திரட்டி வெளியிட்டது. அப்பொழுது அவர்க்கு அகவை 22. சிரிக்காதே. அத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 490 கிழமை நின்றது. ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டு. இவ்வகைத் திரட்டுகளுக்கெல்லாம் தலைமகன் இதுவே என்பர்.

இனி நூற்பா.

தெரிந்தது வருமெனத் தெரிந்துகாத் திருத்தல்
வாகைத் திரட்டின் கேள்வி யாகும்.

உரை: புதிய பாட்டைக் கேட்பவர் என்ன வரும் என்று அறியார். திரட்டைக் கேட்பவரோ எது வரும், எப்பொழுது வரும், எங்கே மூச்சு வாங்கி வரும் என்பது வரை அறிவார். அறிந்தும் கேட்கிறார். ஆகவே அவர் செய்வது கேட்டல் அன்று, வரவேற்றல். ‘தெரிந்து’ என்பதை இருமுறை கூறியது கூறியது கூறல் என்னும் குற்றமாகாதோ எனின், ஆகாது. திரட்டும் கூறியதையே கூறுவது ஆகலின்.

வகை ஒன்று: உறைநோக்கிக் கேட்டல். தட்டின் அட்டை உறையை மடியில் வைத்துக்கொண்டு, பின்புறத்து எழுத்துகளைப் பாட்டு முடியும்வரை படிப்பது. இவரிடம் இப்பொழுது ஓடுவது எத்தனையாவது பாட்டு என்று கேட்டால் உறையைப் பார்த்தே சொல்வார். இதற்கு மேல் இவ்வகையில் ஆய ஒன்றுமில்லை.

வகை இரண்டு: முந்துகேட்டல். இஃது உயர்ந்த வகை. உள்வகை மூன்று. (அ) இடைவெளி முந்தல்: ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் முள் ஓசையின்றி ஓடும் சில நொடிகளில், வரவிருக்கும் பாட்டின் முதல் இழையைத் தாமே முனகிவிடுதல். முனகிய குரல்நிலையும் தட்டின் குரல்நிலையும் ஒத்துவிட்டால் அது பொருந்துமுந்தல். அறையில் எவரும் இல்லாவிடினும் அவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். ஒவ்வாவிடில் பொருந்தாமுந்தல், அப்பொழுது தொண்டையைச் செருமிக்கொள்வார், ஏதோ இருமலே தம்மை இழுத்துச் சென்றதுபோல. (ஆ) வரி முந்தல்: பாடுவோன் வாய் திறக்க அரை நொடி இருக்கையில் சொல்லை எடுத்துவிடுதல். மாத்திசு ஒரு சொல்லின் இறுதியை நீட்டி நடுங்கவிட்டு, விடுவேனா விடமாட்டேனா என்று நிற்பவர். அவரை முந்துவது எளிது. முந்தியபின் அவர் வந்து சேரும்வரை நின்று காப்பதே கடினம். (இ) தாவி முந்தல்: மூன்றாம் பாட்டு ஓடுகையில் உள்ளத்தில் நான்காவது ஓடுவது. நான்காவது வந்ததும் ஐந்தாவது. இவர் ஒரு பாட்டையும் கேட்டவரல்லர். ஆயினும் ஒன்றையும் தவறவிட்டவரும் அல்லர்.

வகை மூன்று: பொறுத்துக்கேட்டல். திரட்டில் உள்ள பன்னிரண்டும் ஒருங்கே வென்றனவல்ல. வென்றவற்றுக்கு இடையே நிரப்புப் பாட்டுகளும் இருக்கும். எழுந்து போய் முள்ளைத் தூக்கி வைக்கச் சோம்பி அவற்றை விட்டுவைப்பது இவ்வகை. இதன் ஓர் உள்வகையை மட்டும் குறித்துக்கொள்: பொறுத்தது கனிதல். 1957-இல் ‘சான்சசு ஆர்’ தனித்தட்டாக வந்து பட்டியலின் உச்சியைத் தொட்டது. அதே தட்டின் பின்புறத்தில் ‘தி டுவெல்த்து ஆவ் நெவர்’ என்று ஒரு பாட்டு. பழைய ஆங்கில நாட்டுப்பாட்டின் மெட்டைத் தழுவியது. தலைப்பைத் தமிழில் ‘வாராத திங்களின் பன்னிரண்டாம் நாள்’ எனலாம். பின்புறத்தில் கிடந்த அதுவே பின்னாளில் பலர்க்கும் முன்புறமாயிற்று. திரட்டில் இரண்டுக்கும் தனித்தனி இருக்கை கிடைத்தது.

வகை நான்கு: துயிற்கேட்டல். எம் மாமனார் இருந்தவரை இதன் முழு உருவாக விளங்கினார். சாய்வு நாற்காலியில் வாய் திறந்து உறங்குவார். முள்ளை எடுத்த அந்நொடியே, “ஏன் நிறுத்தினீங்க மாப்பிள்ளை? கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்” என்பார். எடுக்கும் ஓசை எழுப்பியதா, பாட்டின் இன்மை எழுப்பியதா என்று அறிய, ஒருநாள் ஒலியை மட்டும் மெல்லமெல்லக் குறைத்துப் பார்த்தோம். எழுந்தார். எனவே இன்மையே.

வகை ஐந்து: கீறற்கேட்டல். மாத்திசு தட்டு எம் மாமனார் பழையபொருள் கடையில் வாங்கி எமக்கு விட்டுச் சென்றது. ‘வாராத திங்கள்’ பாட்டின் நடுவில் நகக்கண் அகலத்தில் ஒரு கீறல். கீறல்கள் இருபாற்படும். முள்ளை முன்னே தள்ளுவது தாவுகீறல், சொல் தொலையும். பின்னே இழுப்பது மீள்கீறல், சொல் திரும்பும். எமது மீள்கீறல். தட்டு மணித்துளிக்கு 33⅓ சுற்று சுழல்வது. ஆகவே அந்த அரைச்சொல் 1.8 நொடிக்கு ஒருமுறை வரும். முள்தலையில் நாலணாக் காசு ஒன்றை வைத்தால் மூன்று முறையோடு நின்று மேலே செல்லும். வையாவிடில் யாரேனும் எழுந்து போய்ப் பெட்டியைத் தட்டும்வரை அங்கேயே நிற்கும். மாமனார் வீட்டில் எப்பொழுதும் காசு வைத்தே ஓட்டுவர். அதன் வட்டத்தடம் இன்றும் முள்தலையில் உண்டு.

வகை ஆறு: அடுத்தறைக் கேட்டல். அறையில் இருப்பவர்க்காக ஓடும் பாட்டை, கேட்க விரும்பாத ஒருவர் சுவருக்கு அப்பால் கலம் கழுவிக்கொண்டே கேட்பது. இவ்வகைக்கு உள்வகை இல்லை என்றே சென்ற ஆண்டுவரை கற்பித்து வந்தோம். அண்மையில், ஒப்பீட்டின்பொருட்டு அதே பாட்டைக் கைப்பேசியில் ஓடவிட்டோம். கீறலற்ற தூய பதிவு. பாட்டு அவ்விடத்தை அடைந்து, தடையின்றிக் கடந்து சென்றது. அடுக்களையிலிருந்து எம் இல்லாளின் குரல் மட்டும் அந்த அரைச்சொல்லை மும்முறை பாடி, பிறகே மேலே சென்றது. அதன்பின் பாட்டு முடியும்வரை மாத்திசுக்கு அவள் ஏறத்தாழ மூன்றரை நொடி பின்னாலேயே வந்தாள். அவர் முடித்துவிட்டார், இவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.

சென்று வினவினோம்.

“ஏன், பாட்டே அப்படித்தானே?” என்றாள்.

இதனை ஆறாம் வகையின் (அ) உள்வகையாகச் சேர்த்திருக்கிறோம். ஐந்திலும் அடங்குமே எனின், அடங்காது. அங்கே கீறல் தட்டில் இருக்க வேண்டும். எழுதிக்கொள். பெயர் இன்னும் இடவில்லை. இடம் விட்டு எழுது.