ஜீ பத்துத் தம்பி

கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்கு அயலில் ஒரு பௌதிகத் தம்பி இருக்கிறார். வெள்ளவத்தை டியூசன் வகுப்புகளில் வாங்கு தேய இருந்து, உயர்தரப் பரீட்சையில் ‘ஏ’ எடுத்து, கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குள் நுழைந்தவர்.

பஸ் சடுதியாகப் பிரேக் பிடித்தால் சனம் சாரதியைத் திட்டும். தம்பி நியூட்டனின் முதலாம் விதியைச் சொல்லுவார். காலில் மிதிபட்ட அன்ரிக்கு, அமுக்கம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று விளக்கவும் பின்நிற்க மாட்டார். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கேர்க்கோவின் இரண்டு விதிகளையும் இருட்டிலேயே ஒப்புவிப்பார்.

சுவிட்சைத் தூக்கிவிடுவது அம்மா.

டியூசனில் அவர் படித்த உலகம் ஒப்பமானது. உராய்வு இல்லை, இழைக்குப் பாரமில்லை, வளித்தடை புறக்கணிக்கத்தக்கது, புவியீர்ப்பு ஆர்முடுகலான ஜீ பத்து. கணிப்பான் கொண்டுபோக முடியாத பரீட்சையில் ஐம்பது பல்தேர்வு வினாக்களோடு மல்லுக்கட்டும் பிள்ளை 9.81ஆல் பெருக்கிக்கொண்டிருக்க முடியுமா?

வில்லங்கம் பல்கலைக்கழக ஆய்கூடத்தில் தொடங்கியது. எளிய ஊசல், ஒரு மீற்றர் நீளம். இருபது அலைவுக்கு நிறுத்தற் கடிகாரம் 40.19 செக்கன் காட்டியது. கணக்குப் பார்த்தால் ஜீ 9.78. தம்பிக்கு வியர்த்துவிட்டது; புத்தகத்தில் 9.81 அல்லவா! சுற்றுமுற்றும் பார்த்தார். அழிறப்பரை எடுத்து 19ஐ 12 ஆக்கினார். விடை அச்சொட்டாக 9.81. விடையில் தொடங்கி வாசிப்புக்கு இறங்கிவரும் இந்தக் கலையை அன்று அந்த மேசையில் அவர் மட்டும் பயிலவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் பகிடி என்னவென்றால், முதல் வாசிப்புத்தான் சரி. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும் ஜீ துருவத்தில் 9.83, மத்திய கோட்டில் 9.78. ஏழு பாகை வடக்கே கிடக்கும் கொழும்புக்கும் 9.78தான். 9.81 லண்டன், பாரிஸ் பக்கத்துச் சரக்கு. 1672இல் ஜோன் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனபோது, பாரிசில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூடு அங்கே ஜீ குறைவென்பதால் நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. மனுசன் அதை உள்ளபடியே எழுதிவைத்தார். நியூட்டன் அதைத் தன் பிரின்சிப்பியாவில் எடுத்தாண்டார். ரிஷேயிடம் நல்லகாலம் அழிறப்பர் இருக்கவில்லை.

தம்பி இப்போது இரண்டாம் வருடம். வழுக் கணிப்பில் ஒருமுறை சறுக்கி எழும்பியிருக்கிறார். வார இறுதியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வீட்டு விறாந்தையில் வகுப்பு எடுக்கிறார். அங்கே ஜீ பத்துத்தான். கொலன்னாவைப் பக்கம் பௌதிகத்துக்கு ஆள் தேடும் பெற்றோர் தாராளமாக அவரிடம் பிள்ளைகளை அனுப்பலாம். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் மட்டும் அம்மாவைக் கூப்பிடுங்கள்.