இது சும்மா கல்லுன்னு நினைச்சியா?

லக்கலப் பக்கம் உங்களுக்கும் இப்படி ஒரு மாமா இருப்பார். சொந்த மாமாவாக இருக்க வேண்டியதில்லை, ஊரே மாமா என்றுதான் கூப்பிடும். ரத்தோட்டையில் பஸ் ஏறியதும் ஜன்னலோரத்தைப் பிடித்துவிடுவார். ரிவஸ்டன் ஏற்றத்தில் வண்டி முனகி, நமக்குக் கண் சொருகும் நேரம் பார்த்து விலாவில் ஒரு குத்து விழும்.

"தம்பி, அந்தக் கல்லைப் பார்த்தியா? சும்மா கல்லுன்னு நினைச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் மாமாவின் புதையல் சாத்திரத்தில் சும்மா கல் என்று ஒன்று கிடையாது. தட்டையாக இருந்தால் குகை வாசலை அடைத்த கதவு. உருண்டையாக இருந்தால் மூடி. வெடித்திருந்தால் எவனோ முயன்று தோற்றிருக்கிறான். வெடிக்காமலிருந்தால் இன்னும் எவன் கையும் படவில்லை. மழைத் தண்ணீர் வழிந்த தடம் பாம்பு, பாம்பு என்றால் காவல். தலையைக் காணோமே என்றால், "தலை மறுபக்கம் இருக்கும், அங்கதான் தோண்டணும்" என்பார். நக்கிள்ஸ் மலைத்தொடரில் கல்லுக்குப் பஞ்சமா? மாமாவுக்கு ஓய்வே இல்லை. காட்டுக்காகவும் அதில் வாழும் உயிர்களுக்காகவும் 2010இல் யுனெஸ்கோ இந்த மலையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பல்லியையும் தவளையையும் பார்க்கவா வெள்ளைக்காரன் இவ்வளவு தூரம் வருவான்?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சூரியனும் சந்திரனும் செதுக்கிய தூண் என்று கேள்விப்பட்டால் போதும், கை நடுங்கத் தொடங்கிவிடும். "சூரியன் இருக்கிற பக்கம் ஏழு முழம்!" பழைய அரசர்கள் ஊருக்கும் விகாரைக்கும் கொடுத்த மானியங்களைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை இது செல்லும் என்பதற்கு அந்த இரண்டு உருவங்கள். மீறுகிறவன் காகமாகவும் நாயாகவும் பிறப்பான் என்பதற்குச் சில தூண்களில் காகமும் நாயும் உண்டு. அதாவது அது காணி உறுதி, மாமா, கீழே பணம் இல்லை என்று விளக்கினேன். கண்ணை மூடி யோசித்தார். "சரிதான். அப்ப காகம் வடக்கு, நாய் தெற்கு."

மாத்தளை – தம்புள்ளை வீதிக்குப் பக்கத்தில் நாலந்தா கெடிகே இருக்கிறது. தென்னாட்டுக் கோயில் பாணியில் எழுந்த கற்கட்டடம். போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்று கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் அதே வரிசையில் அடுக்கி, 1980இல் முடித்தார்கள். இத்தனை கல்லையும் மாறாமல் எப்படி அடுக்கினார்கள் என்று யாரும் வியப்பார்கள். மாமாவுக்கு ஒரே கேள்விதான்: "கழட்டினப்ப அடியில என்ன இருந்துச்சு?" களு கங்கை அணைக்காகப் பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனது. வீடும் வயலும் கடையும் விட்டு மக்கள் புது நகரத்துக்குப் போனார்கள். "மறைக்கத்தானே தண்ணி விட்டானுங்க" என்கிறார் மாமா.

ஒருமுறை இவர் தன் தோட்டத்திலேயே தோண்டி ஒரு பொருளை எடுத்தும்விட்டார். துருப்பிடித்த மண்வெட்டித் தலை. இராவணன் காலத்தது என்று ஊரைக் கூட்டினார். தேய்த்துக் கழுவினால் ஆங்கில எழுத்தில் கம்பனி முத்திரை. மாமா அசரவில்லை. "விமானமே வச்சிருந்தவன், ஒரு மண்வெட்டி வாங்க இங்கிலாந்து போயிருக்க மாட்டானா?"

நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். அட்டைக்கடிக்கு அஞ்சாமல், வலிக்கும் முழங்காலோடு மலை ஏறுவார். எந்தப் பள்ளத்தில் ஏலம் காய்த்திருக்கிறது, யானை எந்த வழியாக வரும் என்பதெல்லாம் அத்துப்படி. புதையலில் எனக்கு ஒரு வேன், அம்மன் கோயிலுக்குக் கோபுரம் என்று எப்போதோ பங்கு பிரித்துவிட்டார். தனக்கென்று எதுவும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் எல்லா மாமாக்களும் இப்படிப் பேச்சோடு நிற்பதில்லை. ஸ்கேனர், பெக்கோ, பூசை செய்ய ஒரு கட்டாடி என்று இரவில் போகிறார்கள். காட்டுக்குள் கிடக்கும் தாதுகோபங்களை உச்சியிலிருந்து குடைந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டதும் செங்கல்லை உதைத்துவிட்டு வருகிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதை 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே குற்றமாக்கியது. இன்றைக்கும் புதையல் தோண்டியவர்கள் கைது என்ற செய்தி பேப்பரில் ஓய்ந்தபாடில்லை. இரண்டாயிரம் ஆண்டு நின்ற சுவரை ஒரே இரவில் இடிக்கிறவனுக்கு வரலாற்று ஆர்வலன் என்று பெயர் வைத்தால், வீடு புகுந்து திருடுகிறவனுக்கு என்ன பெயர் வைப்பது?

தோட்டத்தில் கிடைத்த அந்த மண்வெட்டியை யார் பிடித்தார் என்று மாமா ஒருநாளும் கேட்டதில்லை. 1820களிலிருந்து கோப்பிக்காகக் கடல் தாண்டி வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் நம் ஆட்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். மிஞ்சியவர்கள்தான் இந்த மலைகளில் காட்டை வெட்டினார்கள். அந்த 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, சுமார் 250 கிலோமீட்டர், மக்கள் நடந்தார்கள். மாமாவையும் கூப்பிட்டார்கள். முழங்காலைக் காட்டி மறுத்துவிட்டு, "வழியில கல்லுல ஏதும் அடையாளம் இருந்தா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு" என்றார்.

இராவணன் விமானம் எங்கே இறங்கியது என்று அடி கணக்கில் சொல்கிறவருக்குத் தன் பூட்டன் எந்த ஊரை விட்டுப் புறப்பட்டார் என்று தெரியாது. தெரிந்த ஒரே ஆள், லயத்துத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அவருடைய அம்மா. வயது தொண்ணூறை நெருங்குகிறது. அவரிடம் கேட்க அனுமதிப்பத்திரமும் வேண்டாம், பலிக்குக் கறுப்புச் சேவலும் வேண்டாம். இந்தத் தீபாவளிக்குள் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள், மாமா. கொப்பியும் பேனையும் நான் வாங்கித் தருகிறேன்.