பரணைத் தின்ற குடில்

வங்கியில் கடன் வாங்கி வீடு கட்டிய எவனும் அதற்கப்புறம் தன்னைப் பாதி எஞ்சினீயர் என்றுதான் நினைத்துக்கொள்கிறான். நானும் அப்படித்தான். கம்பி கட்டும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிமென்ட் மூட்டையை எண்ணியிருக்கிறேன். மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரத்தில் சுவருக்குத் தண்ணீர்கூட அடித்திருக்கிறேன். அதனால் கட்டடக்கலை மூன்றாம் வருஷம் படிக்கும் என் மகள், "லீவுக்கு என்கூடப் படிக்கிறவங்க ஆறு பேர் வர்றாங்கப்பா. கொல்லைல ஒரு சின்ன ரூம் கட்டப்போறோம். ஆள் வைக்கக் கூடாது, எங்க கையாலயே கட்டணும்" என்றபோது, "நான் இருக்கேன், கவலைப்படாதே" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவள் முகத்தில் கவலை வந்தது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். செம்மண் பூமி. அந்த மண்ணிலேயே சுவர் வைப்பது என்று பிள்ளைகள் வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்ஸைடில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் வருகிறது என்று ஒரு பெண் எனக்கு விளக்கினாள். சொல்லும்போது எங்கள் மாடிப்படியை ஒரு பார்வை பார்த்தாள். அத்தனையும் நானே கக்கியது போல எனக்கு ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் மூலகாரணம் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமான கட்டடக்கலைஞர். வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை ஆயுள் முழுக்க மறக்காதவர். உயர்ந்த கொள்கை. அது என் மகள் காதில் விழுந்ததுதான் வினை. ஐந்து மைல் வட்டத்துக்கு மையப்புள்ளியாக அவள் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டுப் பரணை.

அந்தப் பரணில் இருந்தது குப்பை என்பது என் மனைவியின் கட்சி. இடித்த பழைய வீட்டின் நிலைக்கதவு, இரண்டு ஜன்னல், 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பலா மரத்தை அறுத்து வாங்கிய பலகைகள், ஒரு மூட்டை துருப்பிடித்த கீல். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் திட்டம் இருந்தது. பலாப் பலகையில் ஊஞ்சல் செய்வதாக இருந்தேன். "எப்போ அங்கிள்?" என்று ஒரு பையன் உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். பதில் யோசிப்பதற்குள் பலகை கீழே இறங்கிவிட்டது. கொல்லையில் கழிப்பறைக்குப் பின்னால் அடுக்கியிருந்த நாட்டு ஓடுகளையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் குடியிருந்த தேள் ஒன்றுதான் எனக்காக எதிர்ப்புத் தெரிவித்தது.

முதலில் அளவுப் பிரச்சினை. அவர்கள் வரைபடத்தில் உள்ளளவு ஒன்பதுக்குப் பன்னிரண்டு. என் அம்மா மனையடி சாஸ்திரத்தை எடுத்துவிட்டாள். ஒன்பது பீடை, பன்னிரண்டில் செல்வம் குறையும். எட்டுக்குப் பத்து என்றால் சரி. பகுத்தறிவு பேசப் போகிறார்கள் என்று ஆவலோடு காத்திருந்தேன். "சின்னதா இருந்தா நமக்கும் வேலை மிச்சம்" என்று ஒரே நிமிஷத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் மூலைமட்டம். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி கயிறு பிடித்து, இரண்டு முனைக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் மூலை செங்கோணம். நம் கொத்தனார்களும் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். முளைக்குச்சியைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. வேலை முடிந்து கயிறு சும்மாதானே இருக்கிறது என்று, சரிபார்ப்பதற்காக எங்கள் வீட்டு ஹாலை ஒருவன் அளந்தான். மறுபடி அளந்தான். இன்னொருத்தியைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னான். அதன் பிறகு இருவரும் என்னிடம், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போலத் தணிந்த குரலில் பேசினார்கள். மூலையில் வைத்த பீரோ சுவரோடு ஒட்டாமல் ஏன் முறைத்துக்கொண்டு நிற்கிறது என்பதற்கு இத்தனை வருஷமாக நான் பீரோ செய்தவனைத்தான் திட்டிவந்தேன்.

மண் சோதனையில் எங்கள் மாவடு ஜாடி தியாகம் செய்யப்பட்டது. ஜாடியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் தங்கும், அதன்மேல் வண்டல், கடைசியாகக் களி. எது எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். களி தெளிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தாள், எச்சில் தொட்டாள், உள்ளங்கையில் திரி மாதிரி உருட்டினாள், தூக்கிப் பிடித்தாள். திரி அறாமல் தொங்கியது. "களி சாஸ்தி. காஞ்சா வெடிக்கும். மணல் சேருங்க, வைக்கோல் நறுக்கிப் போடுங்க" என்றாள். மறுநாள் ஜாடியும் அதையே சொன்னது. அன்றிலிருந்து பிள்ளைகள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். மண் ராத்திரி முழுக்க ஊறிப் புளிக்க வேண்டும். ஒரு நாளைக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் வைத்தால் சுவர் உட்கார்ந்துவிடும். காய்ந்த பிறகே அடுத்த படை. அடியில் செம்புறாங்கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும், மேலே ஓடு சுவரைத் தாண்டி நீண்டு நிற்க வேண்டும். ஏனென்றால் மண் சுவருக்குத் தண்ணீர்தான் எமன். "அங்கிளுக்கும் இதெல்லாம் தெரியுமா பாட்டி?" என்று ஒருத்தி கேட்டாள். "அவன் பொறந்ததே மண் சுவத்து வீட்லதான். சுவத்துல சாஞ்சதோட சரி" என்றாள் அம்மா.

அவசரக்குடுக்கைகள் ஒரு நாள் முழங்கால் கணக்கை மீறினார்கள். மேற்குச் சுவர் நள்ளிரவில் பொத்தென்று விழுந்தது. மறுநாள் காலையில் எல்லோரும் முகம் வாடி உட்கார்ந்திருந்தபோது சிமென்ட் பெண் ஒரு கதை சொன்னாள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1881-ல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய பள்ளி. தலைமை ஏற்றவர் புக்கர் டி. வாஷிங்டன். பள்ளிக் கட்டடங்களை மாணவர்களே கட்டினார்கள், செங்கல்லும் அவர்களே அறுத்தார்கள். மூன்று சூளை வைத்து மூன்றும் வீணாயிற்று. கையில் காலணா இல்லை. வாஷிங்டன் தன் கடிகாரத்தை அடகு வைத்து 15 டாலர் வாங்கி நாலாவது சூளை போட்டார். கல் வெந்தது. கடிகாரம் அடகில் மூழ்கிப்போயிற்று. இதைச் சொல்லி முடித்துவிட்டு அவள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தாடிக்காரப் பையனுக்கு வேறொரு தெய்வம்: தோரோ. மாசசூசெட்ஸில் வால்டன் குளக்கரையில் பத்துக்குப் பதினைந்து அடியில் தன் கையால் குடில் கட்டி 1845 ஜூலை 4 அன்று குடியேறியவர். மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அரை சென்ட் வரை கணக்கு எழுதிய மனிதர் என்றதும் எனக்கு மரியாதை பிறந்தது. என் வீட்டுக் கணக்கு நோட்டு லிண்டல் மட்டத்தோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு எழுதியிருந்தால் படுத்திருப்பேன். ஆனாலும் குடும்பஸ்தன் புத்தி, குடைந்து விசாரித்தேன். கோடாரி இரவல். பலகை, ரயில் பாதையில் வேலை பார்த்த ஒருவரின் குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்தது. சட்டத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் வந்தார்கள். நிலம்? அது அவருடைய நண்பர், எழுத்தாளர் எமர்சனுடையது. "அப்ப நம்ம அப்பாதான் எமர்சன்" என்றாள் மகள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் எமர்சன் வீட்டுப் பரணில் தோரோ கை வைத்ததாக எங்கும் பதிவில்லை.

வேலைப் பங்கீட்டை ஒரு சார்ட்டில் எழுதிக் கொல்லைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். அதில் 'மேற்பார்வை' என்று ஒரு கட்டமே இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் நான் இருந்தேன். தண்ணீர் இறைத்தேன், வைக்கோல் நறுக்கினேன், மண் மிதித்தேன். மண் மிதிப்பது பார்க்கத்தான் சுலபம். கெண்டைக்கால் வரை புதைந்த காலை இழுத்தால் கால் மட்டும்தான் வரும். என் இடது கால் ரப்பர் செருப்பு இப்போது வடக்குச் சுவருக்குள் எங்கோ இருக்கிறது. மதிப்பிட வந்த பேராசிரியர் 'முழுக்க இயற்கைப் பொருள்' என்று பாராட்டியபோது யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரியும் ஒரு நாள் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். மண் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். "தம்பிங்களா, குண்டு தப்பல" என்றார். காபி சாப்பிட ஹாலுக்குள் வரச் சொன்னேன். திண்ணையிலேயே குடித்துவிட்டுப் போனார்.

அறை எனக்கு வாசிப்பறை என்று பேச்சு. அக்னி நட்சத்திரத்தில் ஹாலில் மின்விசிறி நெருப்பைக் கலக்கும்போது அங்கே விசிறியே இல்லாமல் உட்காரலாம். அதனாலேயே அது எனக்குக் கிடைக்கவில்லை. அம்மா வெற்றிலைப் பெட்டியோடு உள்ளே போய்விட்டாள். மதியத்தில் என் மனைவி தலையணையோடு போகிறாள். காலியான பரணை வேண்டுமானால் நான் எடுத்துக்கொள்ளலாமாம்.

நாலாம் வருஷத்துப் பாடத்தில் நகர வடிவமைப்பு வருகிறது என்று மகள் சொல்கிறாள். தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், லீவுக்குள் அவரவர் வேலியையும் திண்ணையையும் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.