கடலின் வருகைப் பதிவேடு குறித்து நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம்

மாட்சிமை பொருந்திய ஐக்கிய இராச்சிய நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும், கிழக்கு இலண்டன் தமிழ்க் குடும்பங்களின் பெயரால் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுவது:

சேர் ஜோன் லபக் என்ற வங்கியாளரின் முயற்சியால் 1871 இல் சட்டமாகி, வங்கிகளின் கதவடைப்பை நாட்டின் ஓய்வாக்கிய வங்கி விடுமுறையின் பயனாக, ஆகஸ்ட் மாத இறுதித் திங்களன்று ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும் விடியுமுன்னரே கட்டுச்சோறு தயாராகிறது. மீன் ரோல்ஸ், புளிச்சாதம், அம்மம்மாவின் மடக்கு நாற்காலி, பிள்ளைகளின் வாளிகள் ஆகியவற்றோடு மூன்று தலைமுறையினர் ரயிலேறி, நண்பகல் கழியும் நேரத்தில் சவுத்எண்ட் கடற்கரையை அடைகின்றனர். அங்கே கரை இருக்கிறது. பல ஆண்டுகளில் கடல் இருப்பதில்லை.

தேம்ஸ் நதியின் கழிமுகத்தில் அமைந்த அவ்வூரில், ஈழத்துக் கரையோர மக்கள் வற்றுப்பெருக்கு என்று சொல்லும் நீரேற்ற இறக்கத்தின் வேறுபாடு உச்ச நாட்களில் ஐந்து மீட்டரளவுக்கு உயர்வதாலும், கடலடி தட்டையாகக் கிடப்பதாலும், வற்றின்போது நீர் ஏறத்தாழ ஒரு மைல் பின்வாங்கிச் சேற்றை மட்டும் விட்டுச்செல்கிறது. இதை அறிந்த முன்னோர் கடலை அழைத்துப் பயனில்லை என்று கண்டு, கடலைத் தேடிப் பாலம் கட்டினர். 1830 இல் மரத்தில் திறக்கப்பட்டு, நீண்டுகொண்டே போய், 1889 இல் இரும்புக்கு மாறிய அந்தக் கேளிக்கைப் பாலம் இன்று 2.16 கிலோமீட்டர் நீளத்துடன் உலகிலேயே அவ்வகையில் மிக நீண்டதாகப் போற்றப்படுகிறது. அதன் மேலும் ரயில் ஓடுவதால், கடற்கரைக்கு ஒரு ரயிலும் கடலுக்கு இன்னொரு ரயிலும் பிடிக்கும் வாய்ப்பு அக்குடும்பங்களுக்குக் கிடைக்கிறது. பாலத்தை நாடாத பிள்ளைகள் பக்கத்திலுள்ள அட்வென்ச்சர் ஐலண்ட் இராட்டினங்களின் பக்கம் பெற்றோரை இழுக்க, இலவசமாகக் கிடைக்கவேண்டிய கடலுக்குப் பதிலாகக் கட்டணம் செலுத்தும் சுழற்சி தொடங்குகிறது. சேற்றில் குறை காணாதவை, இலையுதிர் காலத்தில் சைபீரியாவிலிருந்து வந்து அங்குள்ள கடற்புல்லை மேயும் பிரென்ட் வாத்துகள் மட்டுமே. அவற்றுக்கு வங்கிக் கணக்கும் இல்லை, வங்கி விடுமுறையும் இல்லை.

இக்குழப்பத்துக்குக் கடலைக் குற்றஞ்சொல்வது முறையன்று. அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் சவுத்எண்டின் பெருக்கு நண்பகலையோ பிற்பகலின் தொடக்கத்தையோ ஒட்டி வருகிறது. அட்டமியை ஒட்டிய நாட்களில் அதே நேரம் வற்றாக இருக்கிறது. எனவே கடலின் வருகைப் பதிவேடு பஞ்சாங்கத்தில் ஏற்கனவே அச்சாகியிருக்க, விடுமுறையை மட்டும் கிழமையை நம்பி வைத்திருப்பது சட்டத்தின் பிழை. நிலவைப் பார்க்கும் வழக்கம் இந்த அவைகளுக்குப் புதிதன்று: ஈஸ்டர் திங்கள் இன்றும் முழுநிலவை ஒட்டியே கணிக்கப்படுகிறது, அதை ஏப்ரலில் ஓரிடத்தில் கட்டிப்போட 1928 இல் இயற்றப்பட்ட சட்டம் இதுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் நிலவைப் பின்பற்றிய மற்றொரு விடுமுறையான விட்சன் திங்களை நீக்கி மே இறுதித் திங்களை வைத்ததையும், ஆகஸ்ட் விடுமுறையை மாதத் தொடக்கத்திலிருந்து இறுதிக்குத் தள்ளியதையும் நிலையாக்கியது 1971 ஆம் ஆண்டுச் சட்டமே.

முன்னாள் குடியேற்ற நாடொன்று இத்துறையில் முந்திக்கொண்டது. 1966 இல் இலங்கை அரசு ஞாயிறு விடுமுறையை அகற்றி, நிலவின் நான்கு நிலைகளையும் சார்ந்த போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. அலுவலகங்களும் வணிகமும் தடுமாறியபின் 1971 இல் ஞாயிறு மீண்டது. எனினும் முழுநிலவுப் போயா இன்றும் பொதுவிடுமுறை. நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காத தீவு நிலவைப் பார்த்து ஓய்வெடுக்க, ஐந்து மீட்டர் ஏறி இறங்கும் நாடு திங்கட்கிழமையைப் பார்த்து ஓய்வெடுக்கும் வேடிக்கையை விண்ணப்பதாரர்கள் இரு பக்கமும் வாழ்ந்து அறிந்தவர்கள்.

ஆகவே ஆகஸ்ட் வங்கி விடுமுறையை, அம்மாதப் பௌர்ணமிக்கு மிக அருகிலுள்ள திங்களுக்கு மாற்றுமாறு கோரப்படுகிறது. அது இயலாதெனில் கடலுக்கே சட்டம் இயற்றலாம். பாரிஸ் வீதிகளில் புகைபிடிப்பதையும் இந்நாடாளுமன்றம் குற்றமாக்கலாம், அதன் அதிகாரத்துக்கு எல்லையில்லை என்று விளக்கியவர், பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ். (அவருடைய ஆலோசனையோடு உருவான, இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினரை எவ்வாறு காத்தது என்பது வேறொரு விண்ணப்பத்துக்குரியது.) மழையைப் பற்றி எதுவும் கோரப்படவில்லை; அதற்குக் குடை உண்டு.

இதை ஆராயத் தெரிவுக்குழு அமைக்கப்படுமாயின், அதன் உறுப்பினர்கள் நேரடிக் கள ஆய்வுக்காக, அட்டமியன்று நண்பகலில், ஆளுக்கு இரண்டு பிள்ளைகளுடனும் ஒரு வாளியுடனும் சவுத்எண்டுக்கு அனுப்பப்பட வேண்டும். மாற்றுக் காலணிகளை அவர்களே கொண்டுசெல்ல வேண்டும்.